வீட்டுக்காரர் மிரட்டினால்…
(கொல்கத்தா அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லேக் மார்க்கெட் பக்கம் நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் ஒரு மாமி என்னிடம் வந்தார். மாமா போன வருஷம் காலமாகிவிட்டார். வீடு புரமோட்டர் கைக்குப் போகிறதாம். வீட்டுக்காரர் வாடகை வாங்க மறுக்கிறார். "காலி செய்யாவிட்டால் தண்ணீரை நிறுத்துவேன்" என்று ஆள் விட்டுச் சொல்கிறார். மாமியோ, "எதற்கு வம்பு? கிளம்பிவிடலாமா?" என்கிறார். நம்மவர்கள் சுபாவமே இதுதான்.

நான் வக்கீல் அல்ல. சர்க்கார் ஃபைல்களைப் படித்துப் பழகினவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரையும் பலாத்காரமாக வெளியேற்ற முடியாது. நம் மிதுனாப்பூர் ஜமீன் வழக்கிலேயே 1924-ல் பிரிவி கவுன்சில் இதைச் சொல்லிவிட்டது. அப்படி வெளியேற்றினால், 1963-ம் வருஷத்து ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 6-வது பிரிவின்படி ஆறு மாதத்திற்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம்.

இரண்டாவது, வாடகை. கொல்கத்தா, ஹௌரா மாநகராட்சி எல்லைக்குள் மாத வாடகை 6,500 ரூபாய்க்கு மேற்படாத குடியிருப்புகளுக்கு 1997-ம் வருஷத்து மேற்கு வங்க வாடகைச் சட்டம் பொருந்தும். வீட்டுக்காரர் வாங்காவிட்டால் 'நல்லதாயிற்று' என்று சும்மா இருக்கக் கூடாது. உடனே மணியார்டர் செய்யுங்கள். திரும்பி வந்தால் ரென்ட் கன்ட்ரோலரிடம் கட்டுங்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, மிரட்டல். தாணாவில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, டைரி நம்பர் வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 351-வது பிரிவின்படி மிரட்டல் குற்றம். சிவில் கோர்ட்டில் தடையுத்தரவும் கேட்கலாம். மின்சார மீட்டரை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பவரும் கனெக்‌ஷன் கேட்க 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டம் இடம் தருகிறது.

நான்காவது, சம்மன் வந்தால் உறையை மேஜையில் போட்டு வைக்காதீர்கள். ஒரு மாதத்திற்குள் பாக்கி வாடகையை 10 சதவீத வட்டியுடன் கோர்ட்டில் கட்ட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019-ல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

முக்கியமான இன்னொன்று. வாடகைதாரர் காலமானால், உடனிருந்த பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் ஐந்து வருஷந்தான் தருகிறது. ஆனால் அவரை நம்பி உடன் வாழ்ந்த, வேறு வீடு இல்லாத மனைவிக்கு அந்தக் கெடு கிடையாது. இதைக் கேட்டதும் மாமி கண் கலங்கிவிட்டார். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், சட்ட உதவி ஆணையத்தின் மூலம் இலவச வக்கீலும் உண்டு.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அற்ப வாடகையில் பழைய வீட்டைக் காப்பாற்றும் கஷ்டம் அவர்களுக்கும் உண்டு. பேசித் தீர்த்துக்கொள்வது உத்தமம். ஆனால் புதுக் கட்டடத்தில் இடம் தருவதாகச் சொன்னால், அதைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

மாமி மறுநாளே மணியார்டர் அனுப்பிவிட்டார். மூட்டை கட்டவில்லை.