பாக்கி கேக்குறது எப்படி? போடியிலேர்ந்து ஒரு ஏலக்காய்க் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

ஃப்ரீலான்ஸ் வேலை பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்துச்சு. "வேலைய முடிச்சுக் கொடுத்துட்டேன், பில் அனுப்பிட்டேன், மூணு மாசமா பணம் வரல. உறவு கெடாம எப்படிக் கேக்குறது?" இதுக்கு ஸ்டார்ட்அப் உதாரணம் எதுவும் வேண்டாம்னு முடிவு பண்ணேன். எங்க ஊர் உதாரணமே இருக்கு. ஊர் போடிநாயக்கனூர், சரக்கு ஏலக்காய்.

குரங்கணின்னா உங்கள்ல பல பேருக்கு டாப் ஸ்டேஷன் ட்ரெக்கிங் ஞாபகம் வரும், இல்லன்னா 2018 மார்ச் காட்டுத்தீ ஞாபகம் வரும். போடியிலேர்ந்து பஸ்ல போனா மலையடிவாரத்துல இருக்குற ஊர். அதுக்கு மேல சரிவுல காபி, மிளகு, ஏலம்னு சின்னச் சின்ன தோட்டங்கள். எங்க சித்தப்பா போடியில ஏலக்காய் வியாபாரி. பெரிய ஆள் இல்ல. ஏலத்துலயும் எடுப்பார், குரங்கணி மேல இருக்குற சின்ன விவசாயிங்ககிட்ட நேரடியாவும் வாங்குவார். தரம் பிரிச்சு, மூட்டை போட்டு, வடக்க அனுப்புவார்.

இதுல பணம் எப்படி ஓடுதுன்னு புரிஞ்சாதான் மீதி புரியும். ஸ்பைசஸ் போர்டு நடத்துற மின்னணு ஏலம் போடியிலயும் இடுக்கி மாவட்டம் புத்தடியிலயும் நடக்குது. அங்க விவசாயிக்குப் பணம் கொடுக்குறது லைசென்ஸ் வாங்கின ஏல நிறுவனம். வாங்கின வியாபாரி யாருன்னு விவசாயி தேடிப் போக வேண்டியதில்ல. அது நல்ல ஏற்பாடு. ஆனா ஏலத்த விட்டு வெளிய வந்த காய், டெல்லிக்கோ கான்பூருக்கோ போகும்போது முழுக்க முழுக்கக் கடன். 30 நாள், 45 நாள். சித்தப்பா வாங்கின காய்க்கு உடனே பணம் கட்டணும், வித்த காய்க்குப் பணம் எப்பவோ வரும். நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறது அவர் மட்டும் இல்ல. மலையில காய் எடுப்புக்கு வந்தவங்களுக்கு வாரக்கூலி கொடுக்கணும்னு விவசாயி இவர்கிட்ட வந்து நிப்பார். கீழ தரம் பிரிக்கிற அக்காமாருக்கும் சனிக்கிழமை கூலி. இதுல யாரும் 45 நாள் காத்திருக்க முடியாது.

2025 மே மாசம், வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா பேரேட்டைக் காட்டினார். 2022 அக்டோபர் 10 தேதியிட்ட ஒரு பில். 600 கிலோ, கிலோ 1,000 ரூபாய், 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 6,30,000. 2019-ல கிலோ 7,000 வரைக்கும் போன காய் இது. 2022-ல விலை விழுந்து கிடந்துச்சு, வித்தா போதும்னு அனுப்பின சரக்கு. 30 நாள் கெடு. கெடு முடிஞ்சு இரண்டரை வருஷம் ஆச்சு, ஒரு பைசா வரல.

"கேட்டீங்களா சித்தப்பா?"

"மாசம் ரெண்டு தடவ போன் போடுறேன்பா. சேட் நல்லாத்தான் பேசுறாரு. உங்க சித்தி சௌக்கியமான்னு கேக்குறாரு. பன்னெண்டு வருஷ வியாபாரம். கடுதாசி போட்டா மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடும்."

இந்த இடத்துலதான் எனக்கு ஒரு கருத்து உண்டு. போன்ல கேட்டது எங்கயும் பதிவாகல. நம்ம பாஷையில சொல்லணும்னா லாக் இல்ல. கடிதம்னா திட்டுறதுன்னு நெனச்சு பயப்படுறோம். நல்ல வசூல் கடிதத்துக்கு ரெண்டு வாசகர்கள். ஒருத்தர், அந்தக் கம்பெனியில பணத்த அனுப்புற அக்கவுண்டன்ட். இன்னொருத்தர், நாளைக்கு இது வழக்கா போனா படிக்கப்போற நீதிபதி. முதலாளி மூணாவதுதான். உறவு அவரோட, அதனால உறவ போன்ல பேசுங்க. கணக்க எழுத்துல பேசுங்க.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு. 1963 காலவரையறைச் சட்டப்படி, கடனுக்கு வித்த சரக்குக்குக் கெடு முடிஞ்ச நாள்லேர்ந்து 3 வருஷத்துக்குள்ள வழக்குப் போடணும். இந்த பில்லுக்கு அது 2025 நவம்பர்ல முடியுது. அதுக்கப்புறம் சேட் எவ்வளவு நல்லாப் பேசினாலும் கோர்ட் கதவு சாத்தின மாதிரிதான். ஆனா அந்த 3 வருஷத்துக்குள்ள "ஆமா, இவ்வளவு தரணும்"னு அவர் எழுத்துல ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டா, அந்தக் கையெழுத்துத் தேதியிலேர்ந்து புதுசா 3 வருஷம் ஓட ஆரம்பிக்கும். எனக்கு வேண்டியது பணத்துக்கு முன்னாடி அந்தக் கையெழுத்து.

முதல் கடிதம் ஆறு வரிதான். ஆங்கிலத்துல போச்சு, தமிழ்ல சொன்னா இப்படி:

"அன்புடையீர், 10.10.2022 தேதியிட்ட எங்கள் பில்படி 600 கிலோ ஏலக்காய் தங்களுக்கு அனுப்பப்பட்டது. தொகை ரூ.6,30,000. கெடு தேதி 9.11.2022. நாளது தேதி வரை தொகை வரவில்லை. பில் நகலும் லாரி ரசீது நகலும் இணைத்துள்ளோம். எங்கள் வங்கிக் கணக்கு விவரம் கீழே. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் விவரம் தெரிவிக்கவும்."

சித்தப்பா மேல பிள்ளையார் சுழி போடணும்னார், போட்டோம். ஆனா "தாங்கள் அறியாதது அல்ல", "எங்கள் கஷ்டத்தை உணர்ந்து" மாதிரி வரியெல்லாம் எடுத்துட்டேன். நம்ம கஷ்டம் அவங்க அக்கவுண்டன்டுக்கு ஒரு தகவலே இல்ல. பில் நம்பர், தேதி, தொகை, எங்க கட்டணும். இது நாலும் இருந்தா அவர் வேற ஃபைல தேட வேண்டாம். அக்னாலட்ஜ்மென்ட் கார்டோட ரிஜிஸ்டர் தபால், கூடவே ஈமெயில். (2025 செப்டம்பர்லேர்ந்து ரிஜிஸ்டர் தபால ஸ்பீட் போஸ்ட்டோட சேர்த்துட்டாங்க. டெலிவரி ஆனதுக்கு ஆதாரம் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க.)

பதில் இல்ல. இருபது நாள் கழிச்சு ரெண்டாவது கடிதம். இதுல ஒரே ஒரு கேள்வி சேர்த்தோம்: "சரக்கின் தரம், எடை குறித்து ஆட்சேபம் ஏதும் இருந்தால் 10 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்." என்னைக் கேட்டா மொத்த விஷயத்துலயும் முக்கியமான வரி இதுதான். பணம் தராதவங்க பல பேர்கிட்ட சொல்லாத ஒரு காரணம் இருக்கும். நீங்க கேக்காம விட்டா, வழக்குன்னு வரும்போது அது வெளிய வரும். அப்ப அது பெரிய பூதமா தெரியும்.

நாலாவது நாள் அவங்க அக்கவுண்டன்ட் மெயில் போட்டார். 200 கிலோவுல ஈரம் அதிகம், காய் கருத்துப்போச்சு, அதனால பில் நிறுத்தி வெச்சிருக்காம். இரண்டரை வருஷமா போன்ல சித்தி சௌக்கியம் விசாரிச்ச மனுஷன் இதைச் சொல்லவே இல்ல! சித்தப்பாவுக்குக் கோவம் வந்துச்சு. "ஸ்டோர்ல காயவெச்சு நான் பாத்து அனுப்பின காய்." எனக்கு என்னமோ நிம்மதியா இருந்துச்சு. காரணம் தெரிஞ்சா பேரம் பேசலாம்.

மூணாவது கடிதத்துல ரெண்டு விஷயம். ஒண்ணு, முழுத் தீர்வுக்காக 30,000 ரூபாய் தள்ளுபடி, மீதி 6,00,000-க்கு இருப்பு உறுதிச் சீட்டு இணைச்சிருக்கோம், கையெழுத்தும் சீலும் போட்டு அனுப்புங்கன்னு. இன்னொண்ணு, ஒரு வாக்கியம்: பில் தேதியிலேர்ந்து 180 நாளுக்குள்ள சப்ளையருக்குப் பணம் கட்டலன்னா, அந்த பில்லுக்கு எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவை வட்டியோட திருப்பணும்னு சட்டம் இருக்கு, கவனத்துக்குக் கொண்டுவரோம். இந்த பில்லுல அது 30,000 ரூபாய், 180 நாள் 2023 ஏப்ரல்லயே முடிஞ்சிருச்சு. "புகார் பண்ணிடுவோம்"னு எழுதல. சட்டத்த மட்டும் சொன்னோம். அந்த வரி நேரா அவங்க ஆடிட்டர் மேசைக்குப் போச்சுன்னு அப்புறம் தெரிஞ்சுது.

2025 ஆகஸ்ட்ல கையெழுத்துப் போட்ட சீட்டு வந்துச்சு. அன்னைக்கு சித்தப்பா சேட்டுக்குப் போன் போட்டு அரைமணி நேரம் பேசினார். பாக்கி பத்தி ஒரு வார்த்தை இல்ல.

இப்ப உங்க விஷயம். 2006 எம்எஸ்எம்இ சட்டம் குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒரு பெரிய ஆயுதம் கொடுத்திருக்கு. எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்க முடியாது, ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 6 சதவீதம்னா உங்களுக்கு 18. மாநில ஃபெசிலிடேஷன் கவுன்சில்ல ஆன்லைன்லயே புகார் பதியலாம். 2024 ஏப்ரல் 1-லேர்ந்து, அந்தக் கெடுவுக்குள்ள உங்களுக்குக் கட்டாத தொகைய வாங்கினவர் அந்த வருஷச் செலவா வருமான வரியில காட்டவும் முடியாது.

கொடுமை என்னன்னா, வியாபாரிகளை 2021-ல எம்எஸ்எம்இ-க்குள்ள சேர்த்தப்ப வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான் சேர்த்தாங்க. அதனால ஏலக்காய் வாங்கி விக்கிற எங்க சித்தப்பாவுக்கு இந்த 45 நாள் சட்டம் கைகொடுக்கல. சென்னையில உக்காந்து லோகோ டிசைன் பண்ற உங்களுக்குக் கைகொடுக்கும், அது சேவை. உத்யம் பதிவு இலவசம், அடுத்த வேலைய ஒத்துக்குறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க. பதிவு எண்ணை பில்லுலயே போடுங்க. பாதிப் பேர் அதைப் பார்த்தே கட்டிடுவாங்கன்னு என் நம்பிக்கை.

செக் கொடுத்து அது திரும்பி வந்தா வேற கணக்கு. வங்கி சீட்டு கைக்கு வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ் போகணும், அவருக்கு 15 நாள் அவகாசம். அந்தத் தேதி தப்பிச்சா கிரிமினல் வழக்குக்கு வழியில்ல, அதனால அன்னைக்கே வக்கீலப் பாருங்க. அப்புறம் ஒண்ணு: வியாபாரிங்க வாட்ஸ்அப் குரூப்ல பேர் போட்டு "இவர் ஏமாத்துறார்"னு எழுதாதீங்க. பணமும் வராது, அவதூறு வழக்கு உங்க மேல வரும்.

சேட் அக்டோபர்ல 2,00,000, டிசம்பர்ல 2,00,000 அனுப்பினார். மீதி 2,00,000 நிக்குது. அதுல பாதி குரங்கணி விவசாயி ஒருத்தருக்குப் போக வேண்டியது. நாலாவது கடிதம் தயாரா இருக்கு: மீதித் தொகை, கட்டவேண்டிய கடைசித் தேதி, அதுக்கு மேல எங்க வக்கீல் நோட்டீஸ். மூணே வரி. சித்தப்பா கையெழுத்துப் போட்டுட்டார், பொங்கல் முடியட்டும்னு மட்டும் சொல்லியிருக்கார்.

உங்க பில் ஏதாவது இப்படி நிக்குதுன்னா, பேர எடுத்துட்டு கடிதத்த அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல ரெண்டு மூணு எடுத்து வரி வரியா திருத்துவோம்.