கேட்டுப் பெறுவதே அறம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்த காலத்தில், நம் சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, பணம் எதற்கு என்று விளக்கிக் கேட்டார். பால்மரத் தொழிலாளர்கள் மனமறிந்து கொடுத்தார்கள். அந்த நம்பிக்கைதான் தோட்டங்களை வாங்கியது.

இன்று காணிக்கை கைப்பேசி வழியாகவும் வருகிறது. அங்கே நமக்காகக் கேட்பது திரைதான். அது எப்படிக் கேட்கிறது? இந்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகைத் திரைத் தந்திரங்களைத் தடை செய்தது. பொருள் வாங்குபவரின் சம்மதமின்றி அவர் கணக்கில் தருமத் தொகையைச் சேர்ப்பதும் அவற்றுள் அடங்கும். தருமத்தின் பெயரால் செய்தாலும் தவறு தவறுதான்!

ஆகவே, நம் அறவாரியத்தின் நன்கொடைப் பக்கத்திற்காக நான் வேண்டுவது இதுவே. தொகையைக் கொடுப்பவரே எழுதட்டும். மாதக் காணிக்கைக் கட்டத்தில் நாமே முன்கூட்டி அடையாளமிட வேண்டாம். பெறுவோர் பெயரும் கட்டணமும் பணம் செலுத்துமுன் தெரியட்டும். தொடங்குவது போலவே நிறுத்துவதும் எளிதாகட்டும்.

வசூல் சற்றுக் குறைந்தாலும் குறையலாம். ஆனால், மனமறிந்து கொடுத்தவர் மறு ஆண்டும் வருவார்.