நியாயஸ்தலமும் நமது கடமையும்

 

நியாயாதிபதி அஞ்சினால் எளியோருக்கு நியாயம் கிடையாது. 2021 ஜூலை 28-ந் தேதி, ஜார்க்கண்டு தன்பாத்தில் ஜில்லா நீதிபதி உத்தம் ஆனந்த் காலையில் உலாவச் சென்றபோது ஆட்டோவால் மோதிக் கொல்லப்பட்டார். குற்றவாளிகள் இருவர் ஆயுள் தண்டனை அடைந்தனர்.

அக்கொடுமை தூரதேசத்தது என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. நியாயத்தைத் தடுக்க ஆயுதம் வேண்டுவதில்லை. ஜாதிக் கட்டே போதும். 2015-ல் திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்கு வந்த ஓமலூர் வாலிபர் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். நாமக்கல் விசாரணையில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். சாட்சி வாய் மூடினால் நீதிபதியின் கை கட்டப்பட்டதே யாகும். 2019-ல் வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டது. ஆங்கு 2022 மார்ச்சில் பத்துப் பேர் ஆயுள் தண்டனை பெற்றனர். 2023 ஜூனில் ஹைகோர்ட்டு எண்மருக்கு அதனை உறுதி செய்தது. நம் சீமையின் வழக்கு அயலூர் சென்று நியாயம் பெற்றது நமக்குக் கௌரவமோ?

போலீஸ் காவல் நீதிபதியின் உடலைக் காக்கும். அவர்தம் தீர்ப்பைக் காப்பது குடிகளின் ஒழுக்கமே. நம்மவர் கூண்டில் நின்றால் வக்கீல் வைப்பது உரிமை. தீர்ப்பு தவறெனில் அப்பீல் உண்டு. கோர்ட்டு வாசலில் கூட்டங் கூட்டுவதும், சாட்சியை மிரட்டுவதும், நீதிபதியின் ஜாதியை விசாரிப்பதும் உரிமையல்ல. அவற்றிற்கு நம் சங்கத்தின் பெயரை எவர் கேட்பினும் இடங்கொடோம்.