தரமணியில் ஒரு பொதுக்குளம்

(பாலக்கோட்டில் நடந்த படிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இதைப் பற்றிப் பேசப் போறேன்னு சொன்னதும் ஒரு தோழர் கேட்டார்: "தக்காளிக்கு வெல இல்ல, குடியிருக்கிற எடத்துக்குப் பட்டா இல்ல. கம்ப்யூட்டர்ல மருந்து கண்டுபிடிக்கிறதுல நமக்கென்ன வேல?" நியாயமான கேள்வி. எங்க ஆயாவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆயா பிள்ளைப்பேறு பார்த்தவள். சேரியிலும் பார்ப்பாள், ஊர்த்தெருவிலும் பார்ப்பாள். நடுராத்திரியில் இடுப்புவலி வந்துவிட்டால் தீட்டு கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கும். குழந்தை அழுததும் திரும்ப வந்துவிடும். கூலிக் கேழ்வரகை வாசலுக்கு வெளியேதான் கொட்டுவார்கள். மஞ்சக்காமாலை என்று வந்தவர்களுக்குக் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க மருத்துவர் புளூம்பெர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து, கீழாநெல்லி மஞ்சள்காமாலை பி வைரஸ் மேல் வேலை செய்கிறது என்று லான்செட் இதழில் எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆயா சொன்னாள் என்பதற்காக அது வேதம் ஆகிவிடாது. வேதமே வேண்டாம்னுதானே நாம வெளியில வந்தோம்? சோதிக்கட்டும். யார் சோதிக்கிறது என்பதுதான் என் கேள்வி.

மருந்து பிறக்கிற பாதையில் நாம் இரண்டு இடத்தில் இருக்கிறோம். ஒன்று ஆரம்பத்தில், செடியைக் காட்டுகிற கையாக. இன்னொன்று முடிவில், ஊசியைக் குத்திப் பார்க்கிற கையாக. 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுத் திட்டம் என்று பழங்குடிச் சிறுமிகளுக்கு ஊசி போட்டார்கள். பெற்றோர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். குஜராத்தையும் சேர்த்து ஏழு சிறுமிகள் இறந்தபின் 2010-ல் திட்டம் நின்றது. அந்தச் சாவுகளுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் ஒப்புதல் வாங்கிய லட்சணத்தை 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது.

ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் நடுவில் ஒரு அறை இருக்கிறது. அங்கே நாம் இல்லை. இன்றைக்கு அந்த அறையில் இருப்பது கம்ப்யூட்டர்.

அங்கே நடப்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நோய்க்கிருமியின் உடம்பில் இருக்கிற புரதத்தை ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து அதில் போய் உட்கார்கிற சாவி. புரதங்களின் உருவங்களை 1971-லிருந்து ஒரு பன்னாட்டுத் தரவு வங்கியில் சேர்த்து வருகிறார்கள். யாரும் எடுக்கலாம். சாவியைப் பூட்டில் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிற 'ஆட்டோடாக் வினா' என்கிற நிரல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் எழுதப்பட்டு 2010-ல் வந்தது. அதுவும் இலவசம். எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்று ஒரு எண்ணைத் தரும். அந்த எண் மருந்து அல்ல. பல சமயம் பொய்யும் சொல்லும். ஆயிரம் பொருள்களில் எதை முதலில் சோதனைக்குழாயில் போடலாம் என்று வரிசை கட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். ஆனால் எந்த நோய் முதலில், எந்தச் செடி முதலில் என்று முடிவாவது அந்த வரிசையில்தான்.

சாவிகள் எங்கே கிடைக்கும்? சென்னை தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தில். அங்கே அரிஜித் சமால் குழுவினர் 2018-ல் 'இம்பாட்' என்று ஒரு தரவுத்தளம் வெளியிட்டார்கள். அதில் 1742 இந்திய மூலிகைகள், 9596 வேதிப்பொருள்கள். 2022-ல் அதைப் புதுப்பித்தபோது மூலிகை 4010 ஆகவும் வேதிப்பொருள் 17967 ஆகவும் ஏறியது. ஒவ்வொன்றின் உருவமும் உண்டு, மருந்தாகும் தகுதி பற்றிய கணக்கும் உண்டு. காசு கேட்பதில்லை. மக்கள் பணத்தில் செய்ததை மக்களுக்கே திறந்து வைத்த அவர்களுக்கு என் வணக்கம்.

ஆனால் 'அனைவருக்கும்' என்று பலகையில் எழுதினால் போதுமா? பம்பாய்ச் சட்டமன்றம் பொதுக் குளங்களை நமக்குத் திறந்துவிடும் தீர்மானம் போட்டது 1923-ல். மகாடு நகராட்சி ஏற்றுக்கொண்டது 1924-ல். பாபாசாகேப் இறங்கி அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளியது 1927 மார்ச் 20-ல். நடுவில் இருந்த வருஷங்களில் குளம் தாளில் திறந்தும் கரையில் மூடியும் கிடந்தது.

கரையில் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் படித்த கல்லூரியில், பேர் வேண்டாம், கம்ப்யூட்டர் அறைச் சாவி ஒருத்தர் இடுப்பிலேயே இருக்கும். விடுதிப் பிள்ளைகள் போய் நின்றால் அன்றைக்கு மட்டும் மின்சாரம் இருக்காது. இந்தத் துறையில் மேலே படிக்கணும்னு சொன்னப்ப ஒரு ஆசிரியர், "உனக்கு எதுக்கும்மா இது, சர்வீஸ் கமிஷன் எழுது, கோட்டா இருக்குல்ல" என்றார். எழுதலை. இதைத்தான் படிச்சேன். வெளியில் பெரிய இடங்களிலும் கதவு பாதிதான் திறக்கிறது. 2024 மே மாதம் கூகுளின் டீப்மைண்ட் 'ஆல்ஃபாஃபோல்ட் 3' என்கிற கருவியை அறிவித்தபோது நிரலைக் கொடுக்கவில்லை. நமக்கு வேண்டிய மூலக்கூறைப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. உலகம் முழுக்க விஞ்ஞானிகள் கத்தியபிறகு, நவம்பரில், ஆராய்ச்சிக்கு மட்டும் என்று நிபந்தனையோடு கொடுத்தார்கள்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. தரவுத்தளத்தில் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் எந்த நூல், எந்தக் கட்டுரை என்று இருக்கிறது. அந்த நூல்காரருக்குச் செடியைக் காட்டியவர் யார் என்று இல்லை. மூலிகை அறிவைக் காத்த மக்களுக்கு லாபத்தில் பங்கு தரணும்னு 2002 பல்லுயிர்ச் சட்டம் சொன்னது. சட்டம் ஏற்றுக்கொண்ட நூல்களில் ஏறிவிட்ட அறிவைப் பயன்படுத்தினால் பங்கு தர வேண்டாம் என்று 2023 திருத்தம் சொல்கிறது. அயோத்திதாசப் பண்டிதரே சித்த வைத்தியர். எழுத்து தெரிந்தவர், பத்திரிகை நடத்தியவர். எழுத்து மறுக்கப்பட்ட ஆயாக்களின் அறிவு யார் நூலில் ஏறியதோ, அவர் பேர் நின்றுவிட்டது.

எங்க அம்மாவுக்குக் காசநோய் இரண்டு முறை வந்தது. இரண்டாந்தரம் ஊசியும் போட்டார்கள். உயிர் நின்றது, காது பாதி போனது. இந்த நோய்க்குப் புது மருந்து தேடாமல் கம்பெனிகள் எத்தனையோ வருஷம் சும்மா கிடந்தன. காசநோய் வாங்குகிறவர்களிடம் ஏது காசு? 2008-ல் மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் காசநோய்க்காகத் திறந்தமுறை மருந்துத் தேடல் ஒன்றைத் தொடங்கியது. 2010-ல் பல கல்லூரிகளின் மாணவர்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து காசநோய்க் கிருமியின் மரபணுக்களைப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று குறித்தார்கள். பேராசிரியர் பட்டம் யாரும் கேட்கவில்லை. பின்னால் அந்த முயற்சி தேய்ந்துபோனது வேறு கதை. மாணவர்களால் முடியும் என்பது மட்டும் நிரூபணம் ஆனது.

அதனால், வர்ற ஞாயித்துக்கிழமை இதே இடத்தில் இரண்டு மடிக்கணினியோடு உட்காரப் போகிறேன். அரசு 2011-லிருந்து மாணவர்களுக்குக் கொடுத்ததில் மிஞ்சிய பழசுதான். மெதுவா ஓடும், ஆனா ஓடும். அம்மா சாப்பிட்ட மாத்திரைகளில் ஒன்று ஐசோனியசிட். அது காசநோய்க் கிருமியின் எந்தப் புரதத்தை அடக்குகிறதோ, அதே புரதத்தில் கீழாநெல்லியின் வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம். ஒன்றும் பொருந்தாமலும் போகலாம். பொருந்தலைன்னாலும் எழுதி வைப்போம். அதில் வரும் இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு எல்லாம் தமிழில் பட்டியல் எழுதியிருக்கேன், நாலு பக்கம். பத்து மணிக்கு வாங்க. பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. செடி பேரு தெரிஞ்ச ஆயா யாராவது இருந்தா அவங்களையும்.