யோங்பியோனில் எட்டு ஆண்டுகள்



பகை நாடு ஒன்று அணுகுண்டு செய்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? இயற்பியலும் பொறியியலும் படித்து, இன்று பட்டம் பெற்று வெளியே போகும் உங்களிடம் இதைப் பேச வேண்டும் என்று விரும்பினேன். வட கொரியாவை எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கேள்விக்கு ஒரு விடை கிடைத்து, எட்டு ஆண்டு நிலைத்து, பிறகு கைவிடப்பட்ட இடம் அது.

1994 கோடையில் வட கொரியா யோங்பியோன் உலையிலிருந்து ஏறத்தாழ 8,000 எரிபொருள் கம்பிகளை வெளியே எடுத்தது. அவற்றில் ஐந்தாறு குண்டுகளுக்குப் போதுமான புளூட்டோனியம் இருந்தது. அந்த உலையைக் குண்டு வீசித் தகர்க்கலாமா என்று அமெரிக்கா ஆலோசித்தது. ஆனால் சியோல் நகரம் எல்லையிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். வடக்கின் பீரங்கிகள் திருப்பிச் சுட்டால் முதலில் சாகப்போவது அந்த மக்கள். அந்த ஜூன் மாதம் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் பியோங்யாங் போய் வட கொரியத் தலைவர் கிம் இல் சுங்கிடம் நேரில் பேசினார். அக்டோபரில் ஜெனீவாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. உலையை நிறுத்த வேண்டும்; பதிலுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டன் எரிஎண்ணெய், மின்சாரத்துக்காக இரண்டு புதிய அணு உலைகள்.

எதிரிக்கு எண்ணெய் கொடுப்பதா என்று அன்று பலர் கொதித்தார்கள். விளைவைப் பாருங்கள். அந்த 8,000 கம்பிகளும் உறைகளில் அடைக்கப்பட்டு, சர்வதேச அணுசக்தி முகமையின் முத்திரையோடு குளத்து நீருக்குள் கிடந்தன. ஆய்வாளர்கள் அங்கேயே தங்கியிருந்து கண்காணித்தார்கள். அந்த எட்டு ஆண்டில் யோங்பியோனிலிருந்து குண்டுக்குப் புதிதாகப் புளூட்டோனியம் வரவில்லை.

இரு தரப்பும் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வட கொரியா பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கான் மூலம் யுரேனியத்தைச் செறிவூட்டும் தொழில்நுட்பத்தை மறைவாகப் பெற்றது. அமெரிக்கத் தரப்பிலோ, 2003-க்குள் தருவதாகச் சொன்ன உலைக்கு 2002 ஆகஸ்டில்தான் கான்கிரீட் போட்டார்கள். அந்த ஆண்டின் இறுதியில் ரகசியத் திட்டம் பற்றிய சண்டை முற்றியது. எண்ணெய் நிறுத்தப்பட்டது, முத்திரைகள் உடைக்கப்பட்டன, ஆய்வாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

2004 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வகத்தின் முன்னாள் இயக்குநர் சீக்ஃப்ரீட் ஹெக்கரை யோங்பியோனுக்குள் அழைத்துப் போனார்கள். அவர் பார்த்தபோது குளம் காலியாக இருந்தது. ஒரு பெட்டியைத் திறந்து கண்ணாடிக் குடுவை ஒன்றை அவர் கையில் கொடுத்தார்கள். உள்ளே இருந்தது புளூட்டோனியம். 2006 அக்டோபர் 9 அன்று முதல் குண்டு வெடித்தது. 2017-க்குள் ஆறு சோதனைகள் முடிந்துவிட்டன. இடையில் சிறிது காலம் திரும்பி வந்த ஆய்வாளர்களும் 2009 ஏப்ரலில் அனுப்பப்பட்டார்கள். அதன் பிறகு அந்த முகமை யோங்பியோனைச் செயற்கைக்கோள் படங்களில்தான் கண்காணிக்கிறது. 2022-இல் முந்திக்கொண்டு அணு ஆயுதம் வீசவும் இடம் தரும் சட்டத்தை வட கொரியா இயற்றியது.

என் தீர்ப்பு இதுதான்: அரைகுறையாக இருந்தாலும் அந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டும். செறிவூட்டல் திட்டத்தைக் கண்டித்திருக்கலாம், அதற்கென்று தனியே பேசியிருக்கலாம். அந்தக் கோபத்தில் குளத்தங்கரையில் நின்ற ஆய்வாளர்களை இழந்தது பெரும் பிழை.

தென் கொரியாவில் 2022-இல் வெளியான ஒரு கருத்துக்கணிப்பில் 71 சதவீதம் பேர் நமக்கும் குண்டு வேண்டும் என்றார்கள். அந்த அச்சத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அது நாள்தோறும் ஏவுகணைக்கு அடியில் வாழ்பவர்களின் அச்சம். ஆனாலும் அவர்கள் அரசு 2023 ஏப்ரலில் வாஷிங்டனில் அமெரிக்காவின் அணுப் பாதுகாப்பை இறுக்கமாக்கிக்கொண்டு, அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை மீற மாட்டோம் என்று மறுபடி உறுதி சொன்னது. அது சரியான முடிவு. சியோலிலும் ஒரு குண்டு இருந்தால், தவறான எச்சரிக்கை ஒன்று வரும் இரவில் யோசிப்பதற்கு இருவருக்குமே நேரம் இருக்காது. வலுவான பாதுகாப்பு வேண்டும், மறுக்கவில்லை. அதோடு தொலைபேசியும் வேண்டும். அதே 2023 ஏப்ரலிலிருந்து இரு கொரியாக்களுக்கும் இடையிலான தொடர்பு எண்களில் வடக்கு பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. புதிய ஏவுகணையைவிட அந்த மௌனம்தான் எனக்குக் கவலை தருகிறது.

இதில் உங்களுக்கு வேலை இருக்கிறது. 2006-இன் அந்தச் சிறிய வெடிப்பை உலகெங்கும் உள்ள நில அதிர்வு நிலையங்கள் பதிவு செய்தன. இரண்டு வாரம் கழித்து, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கனடாவின் யெல்லோநைஃபில் காற்றில் அந்த வெடிப்பிலிருந்து வந்த செனான் வாயுவின் தடயத்தைக் கண்டுபிடித்தார்கள். முத்திரை செய்தவர், கேமரா பொருத்தியவர், அந்த வாயுவை அளந்தவர் எல்லாரும் உங்களைப் போல் ஒரு நாள் பட்டம் வாங்கியவர்களே. ஏவுகணை செய்யும் வேலைக்கு அழைப்பு தானாக வரும். கண்காணிக்கும் வேலையைத் தேடித்தான் போக வேண்டும். உங்களில் சிலராவது நில அதிர்வியலையும் கதிர்வீச்சு அளவீட்டையும் எடுத்துப் படியுங்கள். வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பம் போடுங்கள்.