நாய் கடிச்சதை ஏன் மறைக்கிறாங்க?

குன்னூர் போனா சிம்ஸ் பூங்காவுல போட்டோ எடுக்காம வர மாட்டோம். பக்கத்துலயே இருக்கிற பாஸ்டர் நிறுவனத்தை எத்தனை பேர் கவனிச்சிருப்போம்? 1907-ல ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி இங்க ஒருத்தரை வெறிநாய் கடிச்சா, ஊசி போட ரயில் ஏறி வடக்கே இமாச்சல் மலையில இருக்கிற கசௌலி வரைக்கும் போகணும்.

இன்னைக்கு அந்தத் தூரம் இல்ல. அரசு ஆஸ்பத்திரியில ஊசி இலவசம். ஆனாலும் நாய் கடிச்சதை வீட்டுல சொல்லாம மறைக்கிற ஸ்கூல் பசங்க இருக்காங்க. ஏன்?

1950-கள்ல அமெரிக்காவுலயும் இப்படி ஒரு கேள்வி வந்துச்சு. காசநோய்க்கு எக்ஸ்ரே இலவசம். ஆனா நிறைய பேர் எடுத்துக்க வரல. அதை ஆராய்ஞ்சவங்க உருவாக்கினதுதான் ‘ஹெல்த் பிலீஃப் மாடல்’. சுருக்கமா நாலு கேள்வி: எனக்கு வருமா? வந்தா எவ்வளவு மோசம்? தடுத்துக்கிட்டா பலன் உண்டா? தடுத்துக்க என்ன தடை?

இதை எஸ்டேட் லைன்ல இருக்கிற ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குப் பொருத்திப் பாருங்க. ரேபிஸ் வந்தா பிழைக்கிறது கிட்டத்தட்ட முடியாதுன்னு அவனுக்குத் தெரியும். ஆனா கடிச்சது “நம்ம லைன் நாய்தானே”. சொன்னா “அதுகிட்ட ஏன் போன?”ன்னு திட்டு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு. அதுக்கும் மேல, தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசிங்கிற கதை!

அது வெறும் கதையும் இல்ல. ஆட்டு மூளையிலிருந்து தயாரிச்ச பழைய மருந்தை வயித்துலதான் போட்டாங்க. அதை நிறுத்தி இருபது வருஷம் ஆச்சு. இப்போ கையிலதான், நாலஞ்சு தடவை. ஊசி மாறிடுச்சு, பயம் மாறல.

அதனால இந்தப் பசங்களை இன்னும் பயமுறுத்துறதுல அர்த்தமில்ல. நம்ம ஆபீஸ்லயே பாருங்க, பக் சொன்னவனைத் திட்டினா அடுத்த பக்கை அவன் சொல்லவே மாட்டான். தடையைக் குறைக்கணும். “கடிச்சா உடனே சொல்லு, திட்ட மாட்டேன்”னு முன்னாடியே சொல்லி வைங்க. காயத்துல காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். ஓடுற தண்ணியில சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு, நேரா ஆஸ்பத்திரி. மூணாவது ஊசியோட நிறுத்திடக் கூடாது, டாக்டர் சொன்ன எல்லாத்தையும் போட்டு முடிக்கணும்.

அந்த வயசுல பசங்க முதல்ல ஃபிரண்டுகிட்டதான் சொல்வாங்க, இல்லேன்னா ஒரு அண்ணன், அக்காகிட்ட. அது நீங்களா இருந்தா, “ஒண்ணும் ஆகாது விடு”ன்னு சொல்லாதீங்க. “வா, நானும் வர்றேன்”னு சொல்லுங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.