அன்னை கேட்ட கேள்வி



கல்முனைக்கு அடுத்த பாண்டிருப்பில், திரௌபதை அம்மன் சந்நிதியிலே ஆண்டுதோறும் தீ மிதிக்கின்றோம். ஆயினும் அந்த அன்னை அரச சபையிற் கேட்ட கேள்வியை நாம் மறந்துவிட்டோம். தம்மையே சூதில் தோற்றவருக்குத் தன்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று அவள் கேட்டாள். பெரியோர் நிறைந்த சபை வாய்மூடியிருந்தது. அவள் இறைவனை அழைத்தாள், மானம் காக்கப்பட்டது.

இன்றும் அடிபடும் பெண்ணிடம் "கல்லானாலும் கணவன்" என்கின்றோம். அது பக்தியன்று, அச்சபையின் மௌனமே. பொறுத்துக்கொள்ள மட்டுமன்று, பொல்லாத உறவை அறுத்து எழவும் பக்தி வலிமை தரும்.

எமது கரையோரத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்கே சீதனம். வெளியேற வேண்டியவள் அவளா? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அடிப்பவன் வீட்டினுள் நுழையாதவாறு நீதவான் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை இடலாம். அயலிலுள்ள முஸ்லிம் சகோதரிகளுக்கும் அவ்வுரிமை உண்டு.

ஆனால் நீதிமன்றப் படியேற ஒரு துணை வேண்டும். ஊர்ப்பேச்சைத் தாங்க நாலுபேர் வேண்டும். அந்த நாலுபேராக நாம் நிற்போமாக! அதுவே அன்னைக்கு நாம் செலுத்தும் நேர்த்தி.